இடது மணிக்கட்டில் ஐந்து வட்டங்கள்

இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நானும் முதலில் சிரித்தவள்தான். ஆனால் என் தங்கைக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் ஒரு ஜாடியை உடைத்தால்கூட அவளே போய் ஒப்புக்கொண்டு, எனக்கும் சேர்த்து அடி வாங்கித் தருவாள். வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பேர். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

சின்னவள் வேலை பார்ப்பது ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில். நம் உடம்பில் வேலை செய்யும் சில என்சைம்களுக்குள் ஓர் உலோக அணு உட்கார்ந்திருக்குமாம். அது எவ்வளவு நேரம் அங்கேயே இருக்கும், எப்போது கழன்று கரைசலுக்குள் போகும் என்று கண்ணால் பார்க்க முடியாது. அதனால் கதிர் வீசும் துத்தநாகத்தை உள்ளே வைத்து, கரைசலிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுத்து எண்ணுவார்கள். எங்கே போய் ஒளிந்தாலும் அந்தத் துத்தநாகத்தைக் கதிரை அளக்கும் மீட்டர் காட்டிக் கொடுத்துவிடும்.

அன்று விடுமுறை. சோதனைக்கு ஏது லீவு? கடைசிச் சொட்டை எடுக்கத் தனியாகப் போனாள். பிற்பகல் 1.50க்கு வேலை முடிந்தது. கையுறைகளைக் கழற்றினாள். கை கழுவினாள். வாசலுக்கு வந்தாள்.

வாசலில் ஓர் இரும்புக் கம்பிக் கதவு. அதன் பக்கத்தில் ஆள் உயர மெஷின். அதற்குள் போய் நிற்க வேண்டும். உடம்பில் கதிர் எதுவும் ஒட்டியிருக்காவிட்டால் பச்சை விளக்கு எரியும், கதவு திறக்கும். ஒட்டியிருந்தால் சிவப்பு. திரும்பப் போய்க் கழுவிவிட்டு வர வேண்டும். உள்ளே இருப்பவருக்கு வேறு வழி கிடையாது.

சிவப்பு எரிந்தது. இடது கை.

கழுவினாள். சிவப்பு. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அப்போதும் சிவப்பு. 2.20க்குப் பாதுகாப்பு அதிகாரிக்கு போன் போட்டாள்.

"வீட்டுல இருக்கேன் மேடம். நாப்பது நிமிஷத்துல வந்துடுறேன். பதறாதீங்க. கழுவிக்கிட்டே இருங்க."

அடுத்து என்னிடம் பேசினாள். "அக்கா, நீ சாப்பிடு. நான் வர லேட்டாகும்." அந்தக் குரலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

2.27. கை மீட்டரை எடுத்தாள். அதன் மெல்லிய முனையை விரல்களிலிருந்து மேலே மெதுவாக நகர்த்தினாள். டிக்... டிக்... மணிக்கட்டுக்கு வந்ததும் டிக்டிக்டிக்டிக். சத்தம் வந்த இடத்திலெல்லாம் பேனாவால் வட்டம் போட்டாள். சொட்டுத் தெறித்திருந்தால் தாறுமாறாக இருக்கும். இது அப்படி இல்லை. மேல் பக்கம் வரிசையாக நான்கு வட்டம். அடிப் பக்கம் ஒன்று.

வலது கையால் அந்த இடத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

ஐந்து வட்டமும் ஐந்து விரலுக்கு அடியில் அடங்கின.

2.38. உள்ளே இருந்த பெரிய கருவி, கதிர் வீசுவது எந்த உலோகம் என்று பெயரையே சொல்லிவிடும். அதன் முன்னால் கையை வைத்தாள். துத்தநாகம் என்றுதான் வர வேண்டும். தாளில் அச்சாகி வந்தது... மாங்கனீசு.

அந்த இடத்தில் மாங்கனீசே கிடையாது.

2.44. வட்டங்களின் மேல் மறுபடி முனையை வைத்தாள். சத்தமே இல்லை. அப்பாடா! ஓடிப்போய் வாசல் மெஷினில் நின்றாள்.

சிவப்பு. இந்த முறை... முழங்கை.

"யாரு?" என்றாள். குளிர்பெட்டி மட்டும் உறுமியது.

2.51. தோள்.

சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள்.

2.56. கழுத்து.

ஒரு பக்கம் நான்கு... மறு பக்கம் ஒன்று...

தோலில் எதுவும் படவில்லை. மீட்டர் மட்டும் கத்தியது.

கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கினாள்.

3.02. அதிகாரி ஓடி வந்தார்.

"சார்... மாங்கனீசுன்னு வருது சார்!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. எதையும் அளந்து பார்க்கவில்லை. சிவப்பு எரிய எரிய, சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார்.

"வா," என்றார். "வந்துடு."

எட்டு வருஷமாக அவளை 'மேடம்', 'நீங்க' என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிடாத மனிதர். அவர் பார்வையும் அவள் மேல் இல்லை. அவள் தோளுக்குப் பின்னால்...

சின்னவள் வெளியே வந்தாள். மீட்டர் அடங்கியது. அதற்குப் பிறகும் அவர் கதவைக் கொஞ்ச நேரம் திறந்தே பிடித்திருந்தார்.

மறுநாள் அவளை உச்சி முதல் பாதம்வரை சோதித்தார்கள். ஒன்றுமே இல்லை. ஆனால் அச்சான அந்தத் தாள் இருக்கிறது. நானே பார்த்தேன். அதிகாரியிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

நான்கு மாதம் கழித்து, அங்கே கண்ணாடிப் பாத்திரம் கழுவி ஓய்வு பெற்ற ஓர் அம்மாவைப் பார்க்கப் போனோம். அவர்தான் சொன்னார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், அங்கே மாங்கனீசை வைத்து வேலை செய்தவள் ஒரு பெண். ஒருநாள் மத்தியானம் அவளுக்குச் சிவப்பு எரிந்திருக்கிறது. கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிந்துவிட்டது. மூச்சு முட்டுது, திறந்துவிடுங்க என்று கெஞ்சியிருக்கிறாள். மேலதிகாரி வராமல் திறக்கக் கூடாது என்பது விதி. கம்பியைப் பிடித்தபடியே சரிந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். மாங்கனீசு அங்கே வந்தது அதுதான் கடைசி. பத்து மாதத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும் சரக்கு அது. இத்தனை வருஷத்தில் மிச்சம் இருக்கவே முடியாது என்கிறாள் சின்னவள்.

"அன்னைக்குச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?" என்று கேட்டாள் அவள்.

அந்த அம்மா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அவ புருஷன்கிட்டதான். இப்ப உங்களுக்குப் பாதுகாப்பு அதிகாரியா இருக்காரே... அவர்தான்."