அம்சத்தின் டூ இன் ஒன்

ராஜகோபாலன் வரப்பில் வருவதைப் பார்த்ததும் அம்சம் வாசலிலிருந்து உள்ளே போனாள். கும்பகோணத்தில் குடியிருந்த அந்த நிலக்காரர், அறுப்புக் காலம் தவிர இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். எண்பத்தொன்றாம் வருடம் அது. நடவு முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

அவருடைய மூன்று மா நிலத்தை அம்சத்தின் குடும்பம் பதினெட்டு வருடமாகக் குத்தகைக்குச் செய்துவந்தது. எல்லாம் வாய்ப்பேச்சுதான். குத்தகைதாரராகப் பதிவு செய்யச் சொல்லித் திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீசில் அவள் மனுக் கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை விசாரணை.

வீட்டுக்குள் டூ இன் ஒன் பாடிக்கொண்டிருந்தது. மஸ்கட்டிலிருந்து கணவன் அரசப்பன் கொடுத்தனுப்பியது. ரேடியோவும் அதுதான், டேப்பும் அதுதான். எழுதப் படிக்கத் தெரியாத இருவருக்கும் கடிதமும் அதுதான். அவன் பேசி அனுப்பிய ஒரே கேசட் உள்ளேயே கிடந்தது.

"மனுவ வாபஸ் வாங்கிடு, அம்சம்" என்றபடி ராஜகோபாலன் வாசலில் நின்றார்.

அதன்மேல் பதிவு செய்தால் அரசப்பன் குரல் அழிந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும். டேப் பக்கம் திருகி, ரெக்கார்டு, ப்ளே பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்தினாள். பாட்டு நின்றது. மரியாதைக்கு நிறுத்துகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"உக்காருங்க. பதினெட்டு வருசமா நாங்கதானே உழுவுறோம்?"

"யார் இல்லேன்னா? நீங்கதான் உழுதீங்க. ஆனா எழுத்துல இல்லியே. வெள்ளிக்கிழம உன்ன யாருன்னே தெரியாதும்பேன். அப்புறம் பயிர மாடு மேஞ்சா எங்கிட்ட வராதே." பெட்டியைப் பார்த்தார். "என்ன, செவப்பா எரியுது?"

"பேட்டரி இருக்குன்னு காட்டுதுங்க."

சற்று நேரம் அதையே பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை, தாலுகா ஆபீசில் ராஜகோபாலன் சொன்னபடியே அவளைத் தெரியாது என்றார். அம்சம் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"டேப்பெல்லாம் சாட்சியா எடுக்க முடியாதும்மா" என்றார் தாசில்தார். அதற்குள் அவள் அழுத்திவிட்டாள். ராஜகோபாலன் குரல் அறை முழுக்கக் கேட்டது.

தாசில்தார் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. "இன்னொரு தடவ கேக்குறேன், சார். இவங்களத் தெரியுமா?"

ராஜகோபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்."

அம்சத்தின் பெயரைப் பதிய உத்தரவானது. பஸ் நிறுத்தத்தில் அவளும் ராஜகோபாலனும் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

"பயிருக்கு மேலுரம் போட்டாச்சா?" என்றார், அவளைப் பார்க்காமல்.

"நாளைக்குத்தான் போடணுங்க."