பலகையில் ஓடிய எஞ்சின்

அண்ணனுக்குக் காது எப்போது போனது என்று எங்கள் வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. ஒரே நாளில் போகவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே விசைப்படகு ஓட்டுகிறவர். எஞ்சினுக்கு மேலேயே நின்று, எஞ்சினுக்குப் பக்கத்திலேயே தின்று தூங்கின மனுஷன். முதலில் போனை எடுப்பதை நிறுத்தினார். அப்புறம் யார் எது சொன்னாலும் தலையாட்டினார். வயசு ஏறுகிறது, பொறுமை வந்துவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

தெரியவந்தது கடலில். எஞ்சினுக்குத் தண்ணீர் ஏறுவது நின்று, சத்தம் மாறி, ஆட்கள் கத்தி, அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எஞ்சின் இறுகிப் போய்விட்டது. இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. படகுக்காரர் எங்களுக்குத் தூரத்து மாமா முறை. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தடைக்காலம் முடியட்டும், முதல் நாள் நீயே ஓட்டு, எஞ்சின் மாறினால் கண்டுபிடிக்கிறாயா என்று நானும் கூட வந்து பார்க்கிறேன், இல்லையென்றால் வேறு டிரைவர்தான் என்று சொல்லியிருக்கிறார். மீன் இனம் பெருகட்டும் என்று படகுகளை எல்லாம் கரையில் நிறுத்திவைக்கும் அந்த இரண்டு மாதம்தான் அண்ணனுக்குக் கிடைத்த அவகாசம்.

காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். துறைமுகத்து இரைச்சல் மொத்தத்தையும் அது மண்டைக்குள் கொட்டியது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒருநாள் எங்கள் மீனவக் கிராமமான கோட்டுச்சேரிமேட்டிலிருந்து என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "படகை விட்டா நான் என்னடா பண்ணுவேன்?" என்று கேட்டார். ஏதாவது வழி பண்ணலாம் என்றேன். அது அவருக்குக் கேட்டிருக்காது.

நான் இருப்பது தலத்தெருவில், மாடியில், வாடகைக்கு. காரைக்காலில் ஒரு கல்லூரி லேபில் வேலை. வீட்டிலும் ஒரு மேசை முழுக்க ஒயரும் மீட்டரும்தான். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. காது போனால் போகட்டும், கால் இருக்கிறதே. படகில் நிற்கிறவனுக்கு எஞ்சினின் அதிர்வு தளம் வழியாகக் காலில் ஏறும். அதைவைத்தே எஞ்சினின் சங்கதியைச் சொல்லிவிட அவரைப் பழக்கினால் என்ன? தடைக்காலம் தொடங்க மிச்சமிருந்த சில நாளில் துறைமுகத்தில் படகு படகாக ஏறி, தளத்தில் ஒரு சென்சாரை ஒட்டி, நல்ல எஞ்சின், டீசலைப் பீய்ச்சும் நாசில் அடைத்த எஞ்சின், தண்ணீர் பம்பு தடுமாறுகிற எஞ்சின் என்று அதிர்வுகளைப் பதிவுசெய்துகொண்டு வந்தேன். இவனுக்கு என்ன ஆச்சு என்று பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

அந்த அதிர்வை ஒரு பலகையில் திரும்ப ஓடவிட ஆம்ப்ளிஃபையர் வேண்டும். கடைத்தெருவில் கேட்டால் பாட்டுப் போடுகிற ஆம்ப்ளிஃபையரை எடுத்து வைத்து, பேஸ் சும்மா அள்ளும் சார் என்கிறான். அவனோடு எனக்கு என்ன பேச்சு. பாட்டு ஆம்ப்ளிஃபையர் காதுக்கு எட்டாத கீழ் அதிர்வை எல்லாம் வெட்டிவிடும். எனக்கு வேண்டியதே அதுதான். அதனால் உள்ளங்கை அகல மாட்யூல் ஒன்றை வரவழைத்தேன். மோட்டாரோ காயிலோ எதைக் கொடுத்தாலும் ஓட்டும். எவ்வளவு மெதுவான அசைவையும் விடாது. ஆம்பியர் ஆம்பியராகத் தள்ளும். எதுவரை தள்ளலாம் என்பதை ஒரு மின்தடையை மாற்றி நாமே வரம்பு வைத்துக்கொள்ளலாம். பழைய பெரிய ஸ்பீக்கர் ஒன்றின் கூம்பைக் கிழித்தெறிந்துவிட்டு, அதன் காயிலைப் பலகைக்கு அடியில் பிடித்தேன். கரண்டுக்கு இரண்டு படகு பேட்டரி. இவ்வளவு ஆம்பியர் ஓடுகிற ஒயர் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். அதனால் மாட்யூலும், அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினிய ஹீட் சிங்க்கும் பலகையை ஒட்டியே உட்கார்ந்தன. ஹீட் சிங்க்கைக் குளிரவைக்கிற விசிறியை நான் கழற்றிவிட்டேன். அதன் அதிர்வும் பலகைக்கு வந்து அண்ணனைக் குழப்பும் என்று அத்தனை அக்கறை எனக்கு.

சாயங்காலங்களில் வருவார். செருப்புக் காலோடு படகில் ஏறுகிற வழக்கம் எங்களில் கிடையாது. அவருக்குப் பலகையும் படகுதான். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெறுங்காலோடு ஏறி நிற்பார். எதையும் பார்த்து ஊகிக்காதபடி கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். நான் ஒரு எஞ்சினை ஓடவிட்டு, காதோரம் போய்க் கத்துவேன். "லேசா தெரியுதுடா" என்பார். என்ன கோளாறு என்றால் நாசில் என்பார், இல்லை பம்பு என்பார். சில நாள் சரியாக இருக்கும். பல நாள் தப்பு.

லேசாகத் தெரிகிறது என்றால் போதவில்லை என்றுதானே அர்த்தம். மின்தடையை மாற்றி ஆம்பியரை ஏற்றினேன். ஒயரை மாற்றினேன். வந்தது டூப்ளிகேட் மாட்யூலோ என்று, அனுப்பினவனை வண்டை வண்டையாகத் திட்டினேன். மீட்டர் திரையில் அலையைப் பார்த்தால் சுத்தமாக இருந்தது. கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து, அலமாரியில் பாத்திரமெல்லாம் நடுங்குகிறது, என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். என் மனைவி, "வீடே ஆடுதுங்க. அவங்களுக்கு மட்டும் லேசாவா தெரியுது?" என்றாள். அது என் மண்டையில் ஏறவில்லை. மேசையில் உட்காருகிறவனுக்குக் கோளாறு என்றால் அது தன் சர்க்யூட்டில்தான் இருக்கும். மீட்டரை வேறு எங்கேயும் வைக்கத் தெரியாது.

தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. அன்று வரம்பை இன்னும் ஏற்றியிருந்தேன். அண்ணன் ஏறுமுன் சோதித்துப் பார்த்ததிலேயே ஹீட் சிங்க் கொதித்தது. விரல் வைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். மாட்யூல் தாங்கும் என்று விட்டுவிட்டேன். நாசில் அடைத்த எஞ்சினை ஓடவிட்டேன். அண்ணன் அலையில் நிற்கிற மாதிரி காலை நன்றாக அகட்டி நின்றார். படகில் அப்படி நின்று பழகின கால். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது அவருடைய வலது குதிகால் பலகையைத் தாண்டி ஹீட் சிங்க்கின் மேல் அழுந்தியிருந்தது. எவ்வளவு நேரமாகவோ தெரியாது. முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

என் கை முதலில் பேட்டரி கிளிப்புக்குத்தான் போனது, பழக்கதோஷம். பிடுங்கினேன். பலகை அடங்கியது. காலை எடுக்கக் குனிந்தேன். அதற்குள் அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இப்ப சரியாயிடுச்சுடா. நல்லா ஓடுது."

காலைப் பிடித்துத் தூக்கி நகர்த்தினேன். கண்ணைத் திறந்து பார்த்தார். காதோரம் போய்க் கத்தினேன்: "அண்ணே, ஆஃப் பண்ணிட்டேன்."

"எப்ப?" என்றார்.

குதிகாலில் ஹீட் சிங்க்கின் பற்கள் வரிவரியாகப் பதிந்து, தோல் வெளுத்திருந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் அவரும் குனிந்து பார்த்தார். எனக்கு அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. தண்ணீர் ஊற்றினேன், சட்டையை மாட்டினேன், ஆட்டோ பிடித்தேன். எல்லாம் வரிசையாக நடந்தது.

டாக்டர் புண்ணைக் கழுவிவிட்டு, ஒரு கவட்டுக் கம்பியைத் தட்டி அதிரவைத்து அண்ணனின் கட்டைவிரலில் வைத்தார். அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். கணுக்காலில் வைத்தார். அங்கேயும் இல்லை. சுகர், ரொம்ப நாளாக இருந்திருக்கும், யாரும் பார்க்கவில்லை, காலில் உணர்ச்சி போய்விட்டது என்றார். இனி வெறுங்காலோடு நிற்கக் கூடாது, ஈரத்தில் நிற்கவே கூடாது என்றார். அவர் சொன்னதை எல்லாம் அண்ணனுக்கு நான் காதில் கத்த வேண்டியிருந்தது. அறையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அண்ணன் பேசினார். காது கேட்காதவர் குரல், ஆட்டோக்காரருக்கும் கேட்டிருக்கும்.

"மொத நாள்லேருந்தே ஒண்ணும் தெரியலடா. மெஷின்தான் வேல செய்யலன்னு நெனச்சேன். ராத்திரி பகலா உக்காந்து செஞ்சிருக்கியே, உன் மனசு நோகக் கூடாதேன்னுதான் தெரியுதுன்னேன்."

ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அவர் குதிகால் எதிலும் இடிக்காமல் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். நான் பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். மாமா எடுத்ததும் போனை அவர் கையில் கொடுத்தேன். "மாமா, நான்தான். படகுக்கு வேற டிரைவரப் பாத்துக்கங்க" என்று சொன்னார். சொல்லிவிட்டுப் போனைக் காதிலேயே வைத்திருந்தார். மாமா அந்தப் பக்கம் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் அண்ணன் தலையாட்டிக்கொண்டிருந்தார்.