அம்மாவின் நினைவு மலர்

அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கான நினைவு மலரை என் லினக்ஸ் மடிக்கணினியில் தட்டச்சு செய்து, இன்று மானிப்பாயில் ஓர் அச்சகத்துக்குக் கொண்டுபோனேன்.

அங்கே விண்டோஸ். திறந்ததும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து மறுபக்கம் என்று எல்லாம் சிதறிக் கிடந்தது.

அச்சகக்காரர் பொறுமையாக எழுத்துருவை மாற்றி, முழுவதையும் வாசித்தார்.

“தங்கச்சி, பிள்ளையள் எண்டு ரெண்டு பேர்தான் கிடக்கு. உங்கடை பேர் எங்கை?”

வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவையும் அக்காவையும் எழுதிய நான், அம்மாவோடு கடைசிவரை இருந்த என்னை மறந்திருக்கிறேன்.

“வேறை ஒருத்தரும் பாக்கேல்லையோ?”

“அனுப்பினனான் அண்ணை. ரெண்டு பேரும் நல்லாயிருக்கு எண்டவை.”

அவர் என் பெயரைக் கேட்டுச் சேர்த்தார்.

வீட்டுக்கு வந்து, திருத்திய கோப்பை இருவருக்கும் அனுப்பினேன். அந்த நிமிடமே இரண்டு கட்டைவிரல் குறிகள் வந்தன.

உங்கள் வீட்டில் யாராவது கோப்பைத் திறந்து பார்க்கிறார்களா?