ஒன்பது மணிக்குக் கொடுத்த மருந்து

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு நான்தான் பொறுப்பு. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். என் மூன்று வயது மகளும் அங்கேதான் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் உறுதிப்பூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பும் எடுக்கிறேன். அதனால் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோருக்கும் நான் டீச்சர்.

காலையில் பெரட்டில், வேலைக்கு ஆள் எடுக்கும் களத்தில், பேர் கொடுக்க ஓடுகிறவர்களுக்கு என்னோடு நின்று பேச நேரம் இருக்காது. நோயாக இருக்கும் பிள்ளையின் மருந்துப் போத்தலை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். காலை மருந்தை வீட்டிலேயே கொடுத்திருந்தால் போத்தலின் கழுத்தில் ஒரு துணிக் கிழிசலைக் கட்டியிருப்பார்கள். கட்டு இல்லையென்றால் நான் கொடுக்க வேண்டும். எனக்கு முன்பிருந்த ஆயம்மா காலத்திலிருந்தே இந்த வழக்கம்.

அன்று பிள்ளைகளின் எடையை நிறுத்துப் பார்க்க மிட்வைஃப் வருவதாக இருந்தது. ஜன்னலில் நான்கு போத்தல்கள். இனிப்புப் பாணி மருந்து வழிந்து எறும்பு மொய்த்திருந்தது. இந்த அழுக்குத் துணிகளைப் பார்த்தால் அவர் என்ன நினைப்பார் என்று எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்தேன். போத்தல்களைக் கழுவித் துடைத்தேன். துணிகளை அலசி வெளியே கொடியில் போட்டேன். எதில் கட்டு இருந்தது, எதில் இல்லை என்று கடதாசியில் எழுதி ஒட்ட நினைத்தேன். அதற்குள் ஒரு பிள்ளை வாந்தியெடுத்தது. என் மகள் வாளித் தண்ணீரைக் கொட்டினாள். எழுதவில்லை.

ஒன்பது மணிக்குச் சளி பிடித்திருந்த ஒன்றரை வயதுப் பையனை மடியில் வைத்துப் பாணி மருந்தை ஊட்டினேன். அவன் முகத்தைத் திருப்பினான். சட்டைக் கழுத்தில் ஏற்கெனவே அந்த இனிப்பு மணம் இருந்தது. நேற்றுச் சிந்தியதாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மிட்வைஃப் இன்னும் வரவில்லை. பதினொரு மணிக்கு அவனைப் பால் கொடுக்க எழுப்பினேன். எழும்பவில்லை. கையைத் தூக்கி விட்டால் பொத்தென்று விழுந்தது. மூச்சு கரகரவென்று இருந்தது. வெளியே போய்க் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தேன். அதில் ஒன்று அவன் அம்மாவின் பழைய பாவாடையிலிருந்து கிழித்தது. பச்சைப் பூப்போட்டது. அப்படியென்றால் காலை மருந்தை வீட்டிலேயே கொடுத்திருக்கிறார்.

அவன் அம்மா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் மலையிலிருந்து இறங்கி வந்தவர் பிள்ளையைத் தொட்டதும் கேட்டார்.

"என்னா டீச்சர், இப்புடி தொவண்டு கெடக்குறான்? எப்ப தூங்குனான்?"

"இப்பத்தாங்கக்கா. சளி அசதியா இருக்கும்."

வாய் தானாகப் பேசியது. அவர் பிள்ளையைக் குலுக்கினார். கன்னத்தில் தட்டினார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டைக்கூட அவிழ்க்காமல் அவனைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். என் மகளையும் மற்றப் பிள்ளைகளையும் காம்பராவில் எனக்கு உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் விட்டுவிட்டு நானும் ஓட்டோவில் ஏறினேன். கூடப் போவது கடமை என்று தோன்றியது. என்னைப் பற்றி என்ன பேசப்படும் என்று கேட்டுக்கொண்டிருக்கவும் ஒரு ஆசை இருந்தது. இரண்டில் எது பெரிது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு செயல் நல்லதா கெட்டதா என்று பார்க்க மூன்றைப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன்: செய்தது என்ன, எந்த நோக்கத்தோடு செய்தது, எந்தச் சூழ்நிலையில் செய்தது. இறக்கமெல்லாம் ஓட்டோ வளைந்து வளைந்து போக, என் மனம் அந்தக் கணக்கைத்தான் போட்டது. மருந்து கொடுத்தது நல்ல செயல். நோக்கமும் நல்லது. கட்டு அவிழ்ந்திருந்ததுதான் சூழ்நிலை. தெரியாமல் செய்தால் தவறு, தெரிந்து செய்தால் பாவம். ஆக ஒன்பது மணி வரைக்கும் நான் பாவி இல்லை. பக்கத்தில் பிள்ளையின் தலை ஒவ்வொரு வளைவிலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. நானோ எனக்கு விடுதலை வாங்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு என்னைக் கண்டே பயம் வந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் கேட்டார். அக்காவுக்குக் கடை கண்ணியில் பேசுகிற சிங்களம் வரும். பதற்றத்தில் அதுவும் வரவில்லை. "நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றார்.

டொக்டர், என்ன மருந்து, எத்தனை தடவை என்று கேட்டார். நான் அக்காவிடம் தமிழில் கேட்டேன்.

"சளிப் பாணி. ஒரு வாட்டிதான். காலையில ஆறு மணிக்கு."

அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். போத்தலின் பெயர், மூடியின் அளவு, ஆறு மணி, ஒரு தடவை. அக்கா சொன்னதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் மொழிபெயர்ப்பில் பொய் இல்லை. அது முழுவதும் பொய்.

டொக்டர் பிள்ளையின் கழுத்தை மடக்கிப் பார்த்தார். கண்ணில் லைட் அடித்தார். ஒரு தடவை கொடுத்ததற்கு இவ்வளவு மயக்கம் வராது, மூளைக் காய்ச்சலாக இருக்கலாம், இரத்தினபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்ப்பார்கள் என்று சொன்னார்.

"என்னா சொல்றாங்க டீச்சர்? சொல்லுங்களேன், என்னா சொல்றாங்க?"

என் மகளின் முதுகு கண்ணில் வந்தது. குளிக்க வார்க்கும்போது நான் விரலால் தடவும் அந்தச் சின்ன எலும்புகள். அக்காவின் பக்கம் திரும்பாமல் டொக்டரிடம் சிங்களத்தில் சொன்னேன்: ஒன்பது மணிக்கு நான் ஒரு தடவை கொடுத்தேன். தெபாரக், இரண்டு தடவை. தமிழில் சொல்லாமல் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்த அளவு சிங்களம் அக்காவுக்கு விளங்கியது.

டொக்டர் என்னை ஏசவில்லை. எவ்வளவு, எந்த மூடியில் என்று கேட்டார். தாதியிடம் ஏதோ எழுதச் சொன்னார். அனுப்புவதை நிறுத்திவிட்டு இங்கேயே வைத்துப் பார்ப்போம் என்றார்.

கட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. பிள்ளையின் கையைத் தடவிக்கொண்டே அவர் கேட்டார்.

"நான் பாவாட கிழிச்சுக் கட்டிட்டுத்தானே டீச்சர் போனேன்?"

"நான்தாங்கக்கா அவுத்தேன். எறும்பு மொச்சிருந்துச்சு."

"எறும்பு." அவர் சிரித்தமாதிரி இருந்தது. "மூஞ்சிக்கு நேரா அசதின்னு சொன்னீங்க பாருங்க, அது எந்த எறும்பு? பாவம் புண்ணியமெல்லாம் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்க மட்டுந்தான் போல."

"மன்னிச்சிருங்கக்கா."

"மொதல்ல அவன் கண்ணத் தொறக்கட்டும். அதுக்கப்புறம் ஒங்க மன்னிப்பப் பாப்போம்."

பாவத்துக்காக வருந்துவதில், பயத்தால் வருகிற மனஸ்தாபம் ஒன்று, அன்பால் வருகிற உத்தம மனஸ்தாபம் ஒன்று என்று நான் படித்திருக்கிறேன். பயத்தால் வருவது குறைவானது, ஆனாலும் குருவிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போதும் என்பார்கள். என்னுடையது பயம்தான். ஆனால் அவன் செத்துவிடுவான் என்ற பயமா, என் கையால் செத்தான் என்று சொல்வார்கள் என்ற பயமா? செபம் சொல்லப் பார்த்தேன். "இயேசுவே, இவனைக் காப்பாற்றும்" என்று தொடங்கும் ஒவ்வொரு தடவையும் "என்னையும்" என்று முடிந்தது.

நாலு மணி போல அவன் கண்ணைத் திறந்து அழுதான். நான் அத்தனை நேரம் அடக்கியிருந்ததையெல்லாம் அழுதேன். அக்கா அழவில்லை. பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த டொக்டரு முதுகுல ஊசின்னு சொல்லாம, சும்மா மருந்து குடுத்து அனுப்பியிருந்தா, சொல்லியிருப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியலீங்கக்கா."

"ம்" என்றார். பிள்ளையின் வாயைத் துடைத்தார்.

தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் மறுநாள் நானே போய் நடந்ததைச் சொன்னேன். எழுதி வாங்கிக்கொண்டு எச்சரித்து விட்டார். அந்த வாரம் அக்கா வேலைக்கு வரவில்லை. வேறு யாரிடமாவது பிள்ளையை விடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவருக்கு வேறு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்காகவும் வெட்கப்பட்டேன்.

திங்கட்கிழமை காலை அவர் காம்பரா வாசலில் நின்றார். மேலே பெரட்டுக் களத்தில் கங்காணி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் கை நீட்டினேன். பையனுக்கு என்ன தெரியும், என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டிப் பாய்ந்தான். அக்கா அவன் இடுப்பைப் பிடித்திருந்த கையை உடனே விடவில்லை. நானும் இழுக்கவில்லை. நீட்டிய கைகளோடு அப்படியே நின்றேன்.