பவுலினுக்கு வராத ரங்கூன் பர்மிட்

1941-இல், பட்டாள முகாமை ஒட்டிய மர்பி டவுனில் ரொட்டி அடுப்பு வைத்திருந்த பவுலினுக்கு ரங்கூன் ஆசை பிடித்துக்கொண்டது. புருஷன் தியோடர் காய்ச்சலில் போனதும், பட்டாளத்து மெஸ்ஸுக்கு ரொட்டி போடும் குத்தகையைப் பெரிய பேக்கரிக்காரன் ஒருவன் தட்டிக்கொண்டு போய்விட்டான். ரங்கூனில் நல்ல ரொட்டிக்குக் கிராக்கி என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் பர்மா அதற்குள் தனி நிர்வாகமாகப் பிரிந்துவிட்டிருந்தது. அங்கே கடை வைக்கப் போகிறவர்கள் கையில் முதல் இருப்பதைக் காட்டிப் பர்மிட் வாங்க வேண்டுமாம்.

வீட்டை அடுப்போடு சேர்த்து விற்றாள். பணத்தைப் பாங்கியில் போட்டு, அத்தாட்சியோடு பர்மிட் ஆபீஸுக்குப் போனாள். குமாஸ்தா தலையை நிமிர்த்தவில்லை.

“யார் பேர்ல கடை?”

“என் பேர்லதான் சார்.”

“ஒண்டிப் பொம்பளைக்கு யாரும்மா பர்மிட் குடுப்பாங்க? சும்னே அலையாதே. ஆம்பளை யாராச்சும் இருந்தா கூட்டினு வா.”

மறுபடியும் போய்ப் பார்த்தாள். அதே பதில்தான்.

அவளுக்கென்று இருந்த ஆம்பளை கொழுந்தன் டென்சில் மட்டுமே. அவள் அடுப்படியில் மாவு பிசைந்தே ஆளானவன். குடி, சூது எதுவும் கிடையாது. பணம் அவன் பேருக்கு மாறியது. பர்மிட்டும் அவன் பேரிலேயே வந்தது.

“நீ முன்னாடி போய் கடையத் தொற. கடைக்காரன் எழுதிக் குடுத்தா எனக்கும் பர்மிட் தருவாங்களாம்” என்றாள்.

“போனதும் மொத வேலை அதான் அண்ணி.”

கடை திறந்தாயிற்று என்று ஒரு கார்டு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பவுலின் பக்கத்து அல்சூரில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, குத்தகையைத் தட்டிப் பறித்த அதே பேக்கரியில் கூலிக்கு மாவு பிசைந்தாள். பர்மிட் இந்த வாரம் வரும், அடுத்த வாரம் வரும் என்று பெட்டியைக் கட்டியே வைத்திருந்தாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் ரங்கூனில் குண்டு விழுந்த சேதிதான் வந்தது.

மழைக்காலத்தில் ஒருவன் வாசலில் வந்து நின்றான். எலும்பும் தோலுமாக, கால் முழுக்கப் புண். “அண்ணி” என்ற பிறகுதான் ஆள் தெரிந்தது. அரக்கான் மலைவழியாக நடந்தே தப்பி வந்திருந்தான். கடை முதல் நாள் விழுந்த குண்டிலேயே போய்விட்டதாம்.

கஞ்சி ஊற்றினாள். எதுவும் வயிற்றில் தங்கவில்லை. படுத்தபடியே அவன் பேசினான்.

“உனக்குப் பர்மிட் நான் கேக்கவே இல்ல அண்ணி.”

அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“ஏன்டா?”

“அங்க எல்லாரும் என்னை மொதலாளின்னாங்க. நீ வந்தா மறுபடியும் நான் மாவு பிசையற டென்சில்தானே.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான்: “ஆனா, வந்திருந்தா நீயும் செத்திருப்ப.”

பவுலினுக்கு அது ஆறுதலாகப் படவில்லை. தான் அங்கே இருந்திருந்தால் என்னவெல்லாம் செய்திருப்போம் என்றுதான் மனசு ஓடியது. வாய்க்கு வந்த வசவை விழுங்கிக்கொண்டு அவன் வாயைத் துடைத்துவிட்டாள். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் அவன் போய்விட்டான். அடக்கச் செலவுக்குப் பேக்கரி முதலாளியிடம் முன்பணம் வாங்கினாள். அது கழியும்வரை பகல் வேலையோடு ராத்திரி வேலையும் பார்த்தாள்.