விளக்கு வைத்ததும் வரும் பெயர்

ஆம்பூரில் மாலைக் காற்று திரும்பினால் தோல் பதனிடும் "ஷாப்"பின் சுண்ணாம்பு நெடி முதலில் தொண்டையில் கரிக்கும், பிறகுதான் மூக்குக்குத் தெரியும். அந்த நெடியோடுதான் எங்கள் "லைன் வீட்டில்" குடும்ப ஜெபம் தொடங்கும். நைனா பாயில் மண்டியிட்டு, அரிசி, மழை, தெருவிலுள்ள சீக்காளிகள் எல்லாவற்றையும் ஆண்டவரிடம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில், "எங்கள் மாணிக்கம் மேஸ்திரியை ஆசீர்வதியும், அவர் பிள்ளைகளுக்குச் சுகம் தாரும்" என்பார். எனக்கு உடம்பெல்லாம் எரியும். நைனாவின் இரண்டு கண்ணையும் பறித்தவனே அந்த மேஸ்திரிதான்.

நைனாவுக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. ஊறிய ஆட்டுத்தோல்களை, மயிர் கழலும் பதம் பார்த்து, நீண்ட இடுக்கியால் இழுத்துப் போடவேண்டும். ஒரு தோல் கிழிந்துவிட்டதென்று மேஸ்திரி பிடரியில் ஓங்கி அறைந்தான். நைனா தலைகுப்புறக் குழிக்குள் விழுந்தார். ஆஸ்பத்திரியில் கட்டு அவிழ்த்தபோது கண்கள் வெந்த முட்டைபோல் வெளுத்திருந்தன. கால் இடறி விழுந்தான் என்று ஷாப்பில் சொல்லி முடித்துவிட்டார்கள். சித்தப்பா அரிவாளோடு கிளம்பினார். நைனா தடவித் தடவி வந்து அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "சத்துருவையும் சிநேகிக்கத்தானே நமக்குச் சொல்லிக்கீது. வேற இன்னாத்துக்குடா கோயிலுக்குப் போறோம்?" என்றார்.

அம்மா மட்டும் அந்தப் பெயருக்கு ஆமென் சொல்லமாட்டாள். அதுவரை கூடவே முணுமுணுத்து வருபவள், மேஸ்திரி என்றதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். "ஒங்க ஆண்டவருக்கு மனசு பெருசு, எனக்குச் சின்னது" என்பாள். நான் ஒருத்திதான் ஆமென் சொல்ல மிச்சம். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வேன்.

லைன் வீட்டில் ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம், எதுவும் ஒளியாது. பேச்சு மேஸ்திரி காதுக்கு எட்டியது. விளக்கு வைத்து ஒருவன் பெயரைத் தினமும் சொன்னால் அது ஏவல், சூனியம் என்றுதான் அவனுக்குத் தெரியும். ஒரு மார்கழிச் சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றான். ஆள் பாதியாய் இளைத்திருந்தான்.

"யோசேப்பு, எம்பேர விட்ருப்பா. சோறு எறங்கல."

"நல்லதுதான் கேக்குறேன் மேஸ்திரி, சத்தியமா."

"அடிச்சவனுக்கு எவன்யா நல்லது கேப்பான்? காறித் துப்பு, வாங்கிக்கினு போறேன். இது பேஜாரா கீது."

நைனா பாயைத் தட்டிக் காட்டினார். "உக்காருங்க. இன்னா சொல்றேன்னு நீங்களே கேளுங்க."

அவன் உட்காரவில்லை, வாசற்படியில் நின்றே கேட்டான். தன் பெயர் வந்ததும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான். ஜெபம் முடிந்ததும் அம்மாவையே பார்த்தான். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு ஊதாங்குழலை ஊதிக்கொண்டிருந்தாள். நான் சொன்ன ஆமென் அவனுக்குப் போதவில்லை போலும். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனவன், அதன்பின் எங்கள் தெரு வழியாக வரவேயில்லை.

சில வருஷங்களில் நைனா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் அம்மாதான் விளக்கேற்றி மண்டியிட்டாள். அரிசி, மழை, சீக்காளிகள் எல்லாம் ஆயிற்று. முடிந்ததென்று நான் எழப்போனேன். என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, "மாணிக்கம் மேஸ்திரியை..." என்றாள். அதற்கு மேல் ஓடவில்லை, அழுதாள். மீதியை நான்தான் சொன்னேன். ஆமென் அவள் சொன்னாள்.

இப்போது லைன் வீடுகள் இல்லை. சுண்ணாம்புக் குழிகளை மண் போட்டு மூடி, மேலே கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். மேஸ்திரி எந்த ஊருக்குப் போனார், எப்படிச் செத்தார், சொல்ல ஒருவரும் மிச்சமில்லை. சென்னை வீட்டில் சாயங்காலம் விளக்கைப் போட்டால் அந்தப் பெயர் தானாக வாயில் வந்துவிடுகிறது. "யாரு ஆயா அது, நம்ம சொந்தமா?" என்று பேத்தி கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்க்கிறேன். யாருமில்லை. ஆனாலும் வாசல் வரை கேட்கும்படி, கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.