அம்மாவின் கறிவேப்பிலைச் சபதம்

கடுகு வெடிக்கும், உளுத்தம்பருப்பு சிவக்கும், அதற்கடுத்து 'சடசட'வென்று ஒரு சத்தமும் கூடவே ஒரு மணமும் வரவேண்டும். எங்கள் வீட்டில் மட்டும் அது வராது. தாராவியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில், நாங்கள் 'கோலி' என்று சொல்லும் மாடி வீட்டில், கறிவேப்பிலை இல்லாத சாம்பாரைத் தின்று வளர்ந்த திருநெல்வேலிப் பிள்ளை நான். வறுமையால் அல்ல, அம்மாவின் ரோஷத்தால்!

பம்பாயில் காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு. அதை யாரும் கேட்பதில்லை, கை தானாகவே போகும். லாரிகள் சரியாக வராத ஒரு மழை நாளில் அம்மாவின் கை அப்படிப் போனபோது, காய்கறி வண்டிக்காரன், 'பையா' என்று நாங்கள் கூப்பிடும் வடநாட்டுக்காரன், அந்தக் கொத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி, "ஃபுகட் கா சாஹியே தோ கர் மே ஜாட் லகாவ்!" என்று சொல்லிவிட்டான். ஓசியில் வேண்டுமென்றால் வீட்டில் மரம் வைத்துக்கொள் என்று அர்த்தம். சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள், அதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை.

"அந்தப் பய குடுத்துத்தான் என் சாம்பார் மணக்கணுமோ? என் வீட்டுச் செடியில இலை ஒடிக்கிற வரைக்கும் இந்த வீட்டுல கறிவேப்பிலை கிடையாது" என்று அன்றே சொல்லிவிட்டாள். அப்பா, பாவம், தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "ஏளா, வைராக்கியத்தைத் தாளிச்சா மணக்குமா?" என்பார். "மணக்கிற வரைக்கும் தின்னுங்க" என்று அம்மா இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

சபதம் போட்டுவிட்டாளே தவிர, தாராவியில் மண்ணுக்கு எங்கே போவது? பக்கத்திலேயே கும்பார்வாடா, குயவர்கள் தெரு. அங்கே போய் ஒரு வாளி மண் வாங்கிவந்து பெயிண்ட் டப்பாவில் நிரப்பி, யார் வீட்டிலோ காயவைத்திருந்த கறிவேப்பிலை விதையை ஊன்றினாள். பானை செய்யும் களிமண் அது! மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் குளமாக நிற்கும், வெயில் அடித்தால் செங்கல்லாக இறுகும். "இதுல கறிவேப்பிலை வராதுளா, பானைதான் முளைக்கும்" என்று அப்பா சிரித்த அன்று அம்மா அவருக்கு ரசத்தில் கொத்துமல்லியும் போடவில்லை.

கடைசியில் நாக்குதான் அப்பாவை மடக்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்மூர்க்காரர்கள் நிறைந்த மாட்டுங்காவுக்குப் போனவர், யார் வீட்டு மரத்தடியிலோ உதிர்ந்து கிடந்த கறுத்த பழங்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, தோளில் ஒரு பை செம்மண்ணோடு ஏணியில் ஏறி வந்தார். பழுத்த ஈர விதைதான் முளைக்கும், காய்ந்தது முளைக்காது என்று அங்கே யாரோ சொன்னார்களாம். முளைத்தது! எங்கள் வீட்டில் மோர் புளித்தால் அது இனி மனிதருக்கில்லை, செடிக்குத்தான். நான் ஒரு துளிர் கிள்ளப் போனால், "ஏட்டி, தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்று அடுப்படியிலிருந்தே சத்தம் வரும். செடி பிடித்துவிட்ட தைரியத்தில் கற்பூரவல்லி, துளசி, தூதுவளை என்று டப்பாக்கள் பெருகின. தெருவில் எந்தப் பிள்ளை இருமினாலும், கஷாயத்துக்கு இலை கேட்டு எங்கள் ஏணியில் ஒரு காலடி கேட்கும்.

செடி என் தோள் உயரம் வந்து, அம்மா முதல் கொத்தை ஒடித்து எண்ணெயில் போட்ட அன்று, அப்பா சாம்பாரைத் தொடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்துகொண்டே இருந்தார்.

ஆனால் அம்மாவின் நாள் அதற்கடுத்த மழையில்தான் வந்தது. ரயில் நின்று, லாரி நின்று, பையாவின் வண்டியில் வாடிய கத்தரிக்காய் மட்டும் கிடந்தது. கறிவேப்பிலை இல்லையென்று பெண்கள் அவனைத் திட்டித் தீர்க்க, அவன் தலையைச் சொறிந்தபடி எங்கள் தகரத்துக்கு மேலே தெரிந்த பச்சையைப் பார்த்து, "அம்மா, தோடா கடிபத்தா..." என்று கொஞ்சம் கறிவேப்பிலை கேட்டு இழுத்தான். அம்மா அவசரப்படவில்லை. பெரிய கொத்தாக ஒடித்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கிவந்து வண்டியில் வைத்தாள். "லே பையா. ஃபுகட் மே லே!" ஓசியிலேயே எடுத்துக்கொள் என்று அவன் பாஷையிலேயே சொன்னாள். தெருவே ஹோவென்று சிரித்தது, பையாவும் சேர்ந்து சிரித்தான். அப்படி ஒரு சந்தோஷம் நான் பரீட்சையில் ஜெயித்தபோதுகூடப் பட்டதில்லை.

அந்தக் கோலி இன்று இல்லை. ஏணி இல்லை, தகரம் இல்லை, வண்டிக்காரர்களின் குரலும் இல்லை. அந்த இடத்தில் எழுந்த கட்டடத்தின் உயரத்து மாடியில், ஜன்னல் கிரில்லுக்குள், பழைய செடியின் பக்கக் கன்று வளர்ந்து நிற்கிறது. போனில் அழுத்தினால் காய்கறி வீட்டுக்கே வந்துவிடுகிறது. போன வாரம் வந்த பையில் வெண்டைக்காய்க்கு மேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலை இருந்தது. "இலவசமாம்மா" என்றேன்.

முழங்கால் வலியோடு எழுந்துவந்த அம்மா அதை இரண்டு விரலால் எடுத்து, பையைக் கொடுத்துவிட்டு லிஃப்ட்டுக்குக் காத்து நின்ற பையனின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். வேண்டாம், எங்கள் வீட்டிலேயே மரம் இருக்கிறது என்பதை, அன்று பையா சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னாள்.

"நை சாஹியே, பேட்டா. ஹமாரே கர் மே ஜாட் ஹை."